மூட்டுத் தேய்மானத்திற்கு வலி மாத்திரை: அம்மா நான்கு மாதங்களாக எடுத்துக்கொள்கிறார், தொடரலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 68 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சத்துணவு மையத்தில் நீண்ட காலம் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குத்துக்காலிட்டுக் காய் நறுக்கியும் பெரிய அண்டாக்களைத் தூக்கியும் பழகிய உடம்பு. மூன்று ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களிலும் வலி இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி, அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் பத்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாட்கள் முடிந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அம்மா அந்தப் பழைய சீட்டை மருந்துக்கடையில் காட்டி மாதந்தோறும் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதே சென்ற வாரம் ஊருக்குப் போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது. வலி கூடுதலாக இருக்கும் நாட்களில் 650 மி.கி. பாராசிட்டமால் இரண்டு அல்லது மூன்று போட்டுக்கொள்கிறார்.

அவருக்கு இரத்த அழுத்தத்திற்கு டெல்மிசார்ட்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், இதயத்திற்காக ஆஸ்பிரின் 75 மி.கி.யும் தொடர்ந்து நடக்கின்றன. முன்பு 130-க்குள் இருந்த இரத்த அழுத்தம் இப்போது 160/90 காட்டுகிறது. மாலை நேரத்தில் இரண்டு பாதங்களும் வீங்கியிருக்கின்றன. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நிரம்பச் சற்று நேரம் பிடிக்கிறது. இதற்கும் வலி மாத்திரைக்கும் தொடர்பு இருக்குமா? மாத்திரையை நிறுத்தினால் அவரால் நடக்க முடியாது என்று அஞ்சுகிறார். பாராசிட்டமால் மட்டும் போதுமா, பூசும் ஜெல் உண்மையிலேயே பயன் தருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மருந்தாளுநர், கும்பகோணம் எழுதியது:

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். மருத்துவம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்து விளக்கும் தகுதி உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தாயார் இரண்டு வேளையும் விழுங்கும் கூட்டு மாத்திரையிலேயே 650 மி.கி. பாராசிட்டமால் போய்விடுகிறது. அதற்கு மேல் 650 மி.கி. மாத்திரை மூன்று என்றால் மொத்தம் 2,600 மி.கி. இடையில் சளி, காய்ச்சல் என்று கடையில் ஏதாவது கேட்டு வாங்கினால், அதிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் 325 அல்லது 500 மி.கி. இருக்கும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மி.கி. என்பது தாண்டக்கூடாத எல்லை. வயது முதிர்ந்தவர்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த எல்லையை மருத்துவர்கள் இன்னும் குறைத்தே வைக்கிறார்கள். உங்கள் தாயார் இன்று எல்லைக்குள்தான் இருக்கிறார், ஆனால் எவ்வளவு பாராசிட்டமால் போகிறது என்று தெரியாமலே அந்த எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் கவலை.

அடுத்து, 'வலி மாத்திரை' என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவை இரண்டு வேறுபட்ட வகைகள் என்பதைத் தாயாரிடம் சொல்லிப் புரியவையுங்கள். பாராசிட்டமால் ஒரு வகை. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்ஸிப் ஆகியவை வீக்கத்தையும் தணிக்கும் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் எதை எடுத்தாலும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றைக் கூட்டினால் வலி அதற்கேற்பக் குறைவதில்லை. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கேடு மட்டும் கூடுகிறது. எங்கள் பக்கத்தில் 'செட் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அட்டையிலிருந்து வெட்டி, நான்கைந்து நிற மாத்திரைகளைச் சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபெனாக் ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று இருக்கக்கூடும். பெயர் அச்சிட்ட அட்டை கைக்கு வராததால் என்ன விழுங்கினோம் என்பது விழுங்கியவருக்கே தெரியாது. பெயரில்லாமல் டப்பாவில் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளுக்கும் உருண்டைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரண்டே நாளில் வலி மாயமாக மறைகிறது, பசி எடுக்கிறது, சில மாதங்களில் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று கண்டிப்பாக ஐயப்பட வேண்டும்.

பத்து நாட்களுக்கு எழுதிய சீட்டை வைத்து நான்கு மாதங்கள் மருந்து கொடுத்தது தவறு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்யும் தவறு என்பதால் இதை வருத்தத்துடன் எழுதுகிறேன்.

பொது மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். கால் வீக்கத்துக்கும் இரத்த அழுத்த உயர்வுக்கும் அந்த மாத்திரை காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. அம்மாவை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அதுவரை அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரையை நிறுத்தி வைப்பதே நல்லது. இரத்த அழுத்த மாத்திரையையோ ஆஸ்பிரினையோ நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேர்க்கை நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரக்கின்றன; மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுபவை அவை. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அவற்றின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று 1971-ல் கண்டறிந்த ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாயை விரித்து வைப்பதும் அவைதான். அசெக்ளோஃபெனாக் அந்த உள்வாயிலைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டன், வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் வெளிவாயிலைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. தனித்தனியே பயனுள்ள இந்த மூன்றும் ஒரே உடலில் கூடும்போது வடிகட்டிக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் மூன்று பக்கமிருந்தும் குறைந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கோ, வாந்தியோ, கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காத ஒரு நாளோ சேர்ந்துகொண்டால், சிறுநீரகம் சில நாட்களிலேயே திடீரெனச் செயலிழக்கக்கூடும்.

பணியில் இருந்த காலத்தில் ஒரு சித்திரை மாதக் கடைசியில், திருவிழாவுக்கு வெகுதூரம் நடந்துவிட்டு வந்த மூதாட்டி ஒருவரைச் சிறுநீர் பிரியவில்லை என்று கொண்டுவந்தார்கள். அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலைக்கு நடுவே இரத்த அழுத்த மாத்திரை அட்டையும், பாதி காலியான டைக்ளோஃபெனாக் அட்டையும் இருந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பு எந்த மருத்துவரிடமும் டைக்ளோஃபெனாக்கைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. வலி மாத்திரையை அவர் ஒரு மருந்தாகவே எண்ணவில்லை.

ஆஸ்பிரினைப் பற்றியும் ஒரு சொல். குறைந்த அளவு ஆஸ்பிரினுடன் இவ்வகை மாத்திரை சேரும்போது இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. முதியவர்களுக்கு வயிற்று வலியே இல்லாமல் புண் முற்றுவதுண்டு. மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நாமே ஊகித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரை சேர்த்துக்கொண்டால் இரைப்பைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 'கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வலி மாத்திரை போடுகிறேன்' என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐபுப்ரோஃபெனில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆஸ்பிரினுக்குச் சற்று முன்னதாக அதை எடுத்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினின் வேலையையே அது கெடுத்துவிடும்.

இதயத்தைப் பொறுத்தவரை, வயிற்றுக்கு இதமானது என்று கொண்டாடப்பட்ட, இதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை, இதய நோய் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக்கை உட்கொள்ளக் கூடாது என்று அறிவுறுத்தியது. அசெக்ளோஃபெனாக் அதன் நெருங்கிய உறவு.

பாராசிட்டமால் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் மருந்தாக அதையே எழுதினோம். பின்னர் வந்த ஆய்வுகள் முழங்கால் வலியில் அதன் பயன் மிகச் சிறிது என்று காட்டியதால், சிகிச்சை முறைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. முழங்காலுக்கு முதலில் பூசும் மருந்து, அது போதாதபோது வயிற்றுப் பாதுகாப்புடன், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு விழுங்கும் மருந்து என்பதே அதன் வரிசை. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலும் முழங்காலுக்குப் பூசும் மருந்தை வலுவாகப் பரிந்துரைக்கிறது. ஆயினும் வீக்கம் தணிக்கும் வகை மாத்திரை கூடாத உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கு, பாராசிட்டமாலைத் தேவைப்படும் நாளில் மட்டும் அளவோடு பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. அதிலும் வலி ஏறிய பிறகு விழுங்குவதைவிட, சந்தைக்கோ கோயிலுக்கோ நடந்து போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொள்வது பலருக்கு உதவுகிறது.

டிராமடால் என்னும் வலுவான வலி மருந்து சேர்ந்த மாத்திரையை யாரேனும் மாற்றாகச் சொல்லக்கூடும். தலைச்சுற்றலும் மலச்சிக்கலும் வரும். இரவில் எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முழங்கால் வலி சிறிய துன்பமாகிவிடும். அவசரப்பட வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. மாத்திரையை நேற்றே நிறுத்தச் சொல்லி, தம்பியுடன் அம்மாவை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிரியாட்டினின் 1.3 என்று வந்திருக்கிறது. ஆய்வகத்துத் தாளில் மேல் எல்லை 1.2 என்று அச்சிட்டிருப்பதால், 'சற்றுத்தான் கூடுதல், பயமில்லை' என்று அங்கிருந்தவர் சொன்னாராம். அப்படி எடுத்துக்கொள்ளலாமா? பூசும் ஜெல்லைப் பற்றியும் சொல்லுங்கள். அம்மா ஏற்கெனவே ஒரு குழாய் வாங்கி ஒரு மாதம் பூசிவிட்டு, 'தண்ணீரைப் பூசின மாதிரி இருக்கிறது' என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

பொது மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதை வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகம். இளம் ஆணுக்கு 1.3 என்பது பெரிதாகக் கவலைப்பட வேண்டாத எண்ணாக இருக்கலாம். தசை குறைந்த 68 வயதுப் பெண்ணுக்கு அதே எண், சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறத்தாழ 45-க்கு இறங்கியிருப்பதைக் காட்டுகிறது. இ.ஜி.எஃப்.ஆர். என்று தாளின் அடியில் சில ஆய்வகங்கள் குறிப்பிடும் எண் இதுதான். அது 60-க்கு மேல் இருக்க வேண்டும். 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவையும் மறுபரிசீலனை செய்வோம். 30-க்குக் கீழே அதை நிறுத்திவிடுவோம். எனவே அவருடைய சர்க்கரை மருத்துவருக்கும் இந்தத் தாள் போய்ச் சேர வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், மாத்திரையால் ஏற்பட்ட இறக்கம் மட்டும் என்றால், நிறுத்திய சில வாரங்களில் அதில் பெரும்பகுதி மீண்டுவிடும். இரண்டு வாரம் கழித்து, இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவையும் சேர்த்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் கேளுங்கள்.

இயன்முறை மருத்துவர், நாமக்கல் எழுதியது:

ஜெல் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா? ஏனெனில் நான் பார்க்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைப் போதாத அளவில்தான் பூசுகிறார்கள்.

டைக்ளோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16 விழுக்காடு என்று குழாயின் மேல் அச்சிட்டிருக்கும். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வரை, ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை பூச வேண்டும். 4 கிராம் என்பது ஏறத்தாழ என் உள்ளங்கையின் நீளத்துக்கு மேல், 10 செ.மீ.க்கும் சற்று அதிகமான ஒரு கோடு. பட்டாணி அளவு எடுத்து முட்டியின் முன்பக்கத்தில் மட்டும் தடவினால் அது உள்ளே போய்ச் சேரவே சேராது. சில்லைச் சுற்றி, மூட்டின் இரண்டு பக்கங்களிலும், தோல் ஈரமாகத் தெரியும்படி மென்மையாகப் பரப்ப வேண்டும். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. தைலம் பூசிய அதே இடத்தில் பூசவோ, மேலே சூடான ஒத்தடம் கொடுக்கவோ, துணியால் இறுக்கிக் கட்டவோ கூடாது. பூசிய கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். 30 கிராம் குழாய் ஒரு மாதம் வந்திருக்கிறது என்றால், இரண்டு முழங்கால்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு கிராம்தான் போயிருக்கிறது. உங்கள் அம்மா சொன்னது சரிதான். அவர் பூசிய அளவுக்குத் தண்ணீரும் அதுவும் ஒன்றே.

சரியான அளவில் பூசினால் செலவு கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. வலி அதிகமுள்ள ஒரு முழங்காலுக்கு மட்டும், ஒரு வேளைக்கு 2 கிராம் வீதம் மூன்று முறை என்று இரண்டு வாரம் பூசிப் பாருங்கள். பயன் தெரிந்தால் தொடரலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். தோல் வழியாக இரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான் என்றாலும், சிறுநீரகத் திறன் இறங்கியிருப்பதால் மருத்துவர் சம்மதித்த பிறகே தொடங்குங்கள்.

இதைவிட முக்கியமானது தொடைத் தசை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது; வலி எலும்பிலிருந்தும் மூட்டுறையிலிருந்தும் வருகிறது. எந்த மாத்திரையும் தேய்ந்த குருத்தெலும்பை வளர்ப்பதில்லை. முன்தொடைத் தசை வலுவாக இருந்தால், ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமையை அது தாங்கிக்கொள்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, மனத்திற்குள் ஐந்து எண்ணி, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரத்தில் வலி சற்றுக் கூடும். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அது கேடில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகுதான் மாற்றம் தெரியும். மாத்திரைக்குப் பழகியவர்கள் பத்தாவது நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கைத்தடியை வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது. ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர் இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வருகிறாரா என்று விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உண்டு.

கரிசல்காட்டு ஆசிரியை எழுதியது:

எனக்கு 71 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக இதே வலியோடு வாழ்கிறேன். தம்பி, மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாட்கள் உங்கள் அம்மாவுக்கு மிகவும் கடினமாக இருக்கும் என்பதை மட்டும் சொல்ல வந்தேன். அந்த நாட்களில் 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லாதீர்கள். வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறையில் மேலே வைக்கும் நாற்காலி ஒன்றை முதல் வேலையாக வாங்கிப் போடுங்கள். கட்டிலின் உயரத்தை இரண்டு செங்கல் அளவு கூட்டுங்கள். அடுப்பு வேலையை உயரமான முக்காலியில் உட்கார்ந்து செய்ய வழி செய்யுங்கள். நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை குத்துக்காலிட்டு எழுந்தேன் என்று எண்ணிப் பார்த்தபோது முப்பதைத் தாண்டியது. அதை ஐந்தாகக் குறைத்த பிறகுதான், மாத்திரை இல்லாமல் இரவில் உறங்க முடிந்தது.

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கிரியாட்டினின் 1.1-க்கு இறங்கியிருக்கிறது, வடிகட்டும் திறன் 55 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்த அழுத்தம் 138/84. நிறுத்திய ஒன்பதாவது நாளில் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அம்மா பழைய கொலுசை மறுபடி மாட்டிக்கொண்டு காட்டினார். மருத்துவர் சம்மதத்துடன் வலது முழங்காலுக்கு ஜெல் பூசுகிறார். அளவு தவறாமல் இருக்கத் தம்பி ஒரு பழைய அடிக்கோலைக் குழாயோடு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறான். படி ஏறும்போது வலி அப்படியே இருக்கிறது, சமதளத்தில் தெருமுனை வரை போய் வருகிறார். அந்த ஆசிரியை அம்மா சொன்னபடி முதல் வாரம் மிகவும் கடினமாகத்தான் இருந்தது. கழிப்பறை நாற்காலி வந்துவிட்டது. கட்டிலுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல் வைக்கப்போகிறோம். சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனைக்கு அடுத்த புதன்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.